தாழ்த்திய காரில் பின்சீட்டுக்காரருக்கும் பங்கு இருக்கிறது

காரை லோ பண்ணும் தம்பிமாரைப் பற்றி நம்ம ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. பெரியவர்கள் சொல்வது: "ரோட்டே சரியில்லாத ஊர்ல காரை எதுக்கு தரையோட ஒட்ட வைக்கிறானுக? காசு கூடிப்போச்சு." தம்பிமார் சொல்வது: "ஸ்டைலுன்னா கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும் மச்சான், அதுக்கென்ன?" இரண்டு பேரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிந்தாலும், ஒரு விசயத்தில் ஒத்துப்போகிறார்கள். தாழ்த்திய கார் என்றால் இடுப்பு உடையத்தான் செய்யும் என்று இரு தரப்பும் நம்புகிறது. நாங்கள் அதை நம்பவில்லை. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை என்று தோட்டத்து ரோட்டில் ஓடும் ஒரு காரைத் தாழ்த்தலாம். தாழ்த்திய பிறகும் அதில் ஒரு மனுசர் நிம்மதியாக உட்கார்ந்து போகலாம். நம்ம பக்கம் பல கார்களில் அது நடக்காததற்குக் காரணம் உயரம் குறைந்தது மட்டுமல்ல, குறைத்த விதமும்தான்.

முதலில் ஆசையைப் பற்றிப் பேசிவிடுவோம். நம்ம தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரையின் கார்தான். அது வரும்போது ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பில் கடையிலும், கார்மன்ட்ஸிலும், மத்திய கிழக்கிலும் உழைத்து, லீசிங் கட்டி, ஒரு பழைய ஜப்பான் காரையோ இந்தியக் காரையோ லயத்து வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2024 செப்டம்பரில்தான் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆன ஒரு குடும்பத்தில், இப்படி ஒரு கார் வந்து சேர்வது சின்ன விசயம் இல்லை. அதை அழகாக வைத்துக்கொள்ள ஒருவர் ஆசைப்படுவதில் நாங்கள் குற்றம் காணவில்லை.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிக் குடும்பத்துப் பையன்கள் பழைய கார்களை வாங்கி, தாழ்த்தி, வர்ணமடித்து, மெதுவாக ஊர்வலம் போவார்கள். 'லோரைடர்' என்று அதற்குப் பெயர். 1958இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சக்கர ரிம்மின் அடி விளிம்பை விடக் காரின் எந்தப் பாகமும் கீழே தொங்கக்கூடாது என்றார்கள். அடுத்த வருசமே ரொன் அகிர்ரே என்ற இளைஞர், பழைய விமானப் பாகங்களில் இருந்து ஹைட்ரோலிக் பம்புகளை எடுத்துத் தன் கோர்வெட் காரில் பூட்டினார். பொலிஸைக் கண்டால் சுவிட்சைத் தட்டி உயர்த்துவார், போனதும் இறக்குவார். அந்தச் சட்டத் தடை போக 2024 ஜனவரி வரை ஆனது. 'தாழ்ந்து போ, மெதுவாகப் போ' என்பது அவர்களுடைய வழக்கம். இதில் நாங்கள் கவனிப்பது ஒன்றைத்தான்: வேண்டும்போது உயரும் காரைத்தான் அகிர்ரே செய்தார். ரோட்டுக்கு ஏற்ப ஒத்துப்போகிற வழியை அவர் விட்டுவைத்தார். நம்ம பக்கம் பல கார்களில் அந்த வழியை முதல் நாளே வெட்டி எறிந்துவிடுகிறோம். வெட்டுவது என்றால் நிஜமாகவே கட்டரால் வெட்டுவது.

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன நடக்கிறது?

ஆகச் சுலபமான வழி அதுதான். ஸ்பிரிங்கைக் கழற்று, கிரைண்டரைப் பிடி, இரண்டு சுற்றை அறு, திரும்பப் பூட்டு. அரை நாள் வேலை, செலவு கொஞ்சம். வெளியே நின்று பார்த்தால் கார் அம்சமாக உட்கார்ந்திருக்கும்.

உள்ளே நடக்கும் கணக்கு வேறு. ஒரு சின்னக் காரில், அது சும்மா நிற்கும் உயரத்தில் இருந்து சக்கரம் மேலே எழும்ப உத்தேசமாக 3 அங்குல இடம் இருக்கும். குழியோ மேடோ வந்தால் சக்கரம் அந்த இடத்துக்குள் ஏறி இறங்கும். பொடி அதிகம் அசையாது. சஸ்பென்சன் என்பதன் முழு வேலையும் அந்த 3 அங்குலத்துக்குள்தான் நடக்கிறது. நாம் காரை 2 அங்குலம் இறக்கினால் மிஞ்சுவது 1 அங்குலம். நாலு பேர் ஏறினால் அதிலும் பாதி போய்விடும்.

மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் அதே அடியை முழுசாக வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் 3 மடங்கு விறைப்பாக இருந்தால் போதாது, 9 மடங்கு வேண்டும். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. பாடசாலை பௌதிகவியலில் படித்ததுதான். ஆனால் 8 சுற்று உள்ள ஸ்பிரிங்கில் 2 சுற்றை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். மீதி அடியை யார் வாங்குவது? ஷொக் எப்சோபரின் தண்டில் ஒரு ரப்பர் துண்டு இருக்கும், பம்ப் ஸ்டொப் என்பார்கள். எப்போதாவது ஒரு பெரிய குழியில் மட்டும் வேலை செய்ய வைத்த பாகம் அது. வெட்டிய காரில் அதுதான் எந்நேரமும் வேலை செய்கிறது. அதுவும் நசுங்கி முடிந்தால் பொடிக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயர் மட்டும்தான். குழியில் விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது ஸ்பிரிங்கின் சத்தம் இல்லை. ஸ்பிரிங்கின் வேலை முடிந்துபோன சத்தம்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணக் கார் ஒன்று ஸ்பிரிங்கின் மேல் செக்கனுக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை ஆடும். நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் வேகத்துக்கு இது கிட்டத்தட்ட சமம், அதனால் அது நமக்கு உறுத்தாது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஆகாதது செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்-கீழ் அதிர்வு. வயிறும் முதுகெலும்பும் அந்த வேகத்தில்தான் அதிகம் ஆடிப்போகின்றன. அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரநிர்ணயம் இதை ஒட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் முடிந்து கார் டயரின் மேல் மட்டும் ஆடும்போது, அதன் ஆட்டம் சரியாக அந்த 4, 5 பக்கம் வந்து நிற்கிறது. அதாவது வெட்டிய கார் கூடக் குலுங்குவது மட்டுமில்லை. உடம்பால் ஆகத் தாங்க முடியாத வேகத்தில் குலுங்குகிறது.

டிரைவருக்கு இது பாதிதான் தெரியும். கையில் ஸ்டியரிங் இருக்கிறது, குழியை முன்கூட்டியே பார்க்கிறார், உடம்பைத் தயாராக வைத்துக்கொள்கிறார். பெரும்பாலான கார்களில் பின்சீட்டு பின் அச்சுக்குக் கிட்ட இருப்பதால், அங்கே இருப்பவருக்கு அடி நேராக வருகிறது, சொல்லாமலும் வருகிறது.

பின்சீட்டில் யார்?

எங்கள் அக்கறை இங்கேதான். கொழும்பில் ஒருவரின் கார் அவருடைய கார். தோட்டத்தில் ஒருவரின் கார் லயத்துக்கே கார். ராத்திரி 2 மணிக்குப் பக்கத்துக் காம்பராவில் வலி எடுத்தால் கதவைத் தட்டுவது கார் நிற்கும் வீட்டில்தான். "தம்பி, கொஞ்சம் வண்டிய எடுப்பா" என்றால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போன கதை இல்லாத லயம் மலையகத்தில் அபூர்வம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் மேல் டிவிசன் வரை அது ஏறி வரும் நேரத்துக்குள் பாதி வழி இறங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படிக் கிளம்பும் காரின் பின்சீட்டில் இருப்பது நிறைமாதக்காரி, ஆப்பரேசன் முடிந்து பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இருந்து திரும்பும் அப்பாயி, நாற்பது வருசம் கொழுந்துக் கூடை சுமந்து முதுகு போன ஒரு அம்மா. காரைத் தாழ்த்தும்போது இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. கார் என் பெயரில் இருக்கலாம், பின்சீட்டு என் பெயரில் மட்டும் இல்லை.

தாழ்வும் சுகமும் ஒன்றாக வருமா?

வரும். 1930களில் பிரான்சில் சித்ரோயன் கம்பெனியின் பியர் பூலாஞ்சே தன் பொறியியலாளர்களிடம் ஒரு கட்டளை வைத்தார்: உழுத வயலுக்குள் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒரு முட்டையும் உடையாத கார் வேண்டும். விவசாயிகளுக்காக யோசித்த கார் அது. 1948இல் '2சிவி' என்ற பெயரில் வெளிவந்தது. மெல்லிய ஸ்பிரிங், நீண்ட அசைவு, அவ்வளவுதான் அதன் ரகசியம். அதே கம்பெனி 1955இல் 'டிஎஸ்' என்ற காரைக் கொண்டுவந்தது. ஒயிலும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்சன். நிறுத்தி வைத்தால் தரையோடு படுத்துக்கிடக்கும், எஞ்சினைப் போட்டால் எழுந்து நிற்கும். பார்க்கத் தாழ்வு, போகச் சுகம். இரண்டு காரும் நமக்குச் சொல்வது ஒரே பாடம். சக்கரம் அசைய இடம் வேண்டும். அந்த இடத்தை முழுசாகத் தின்றுவிட்டு வேறு எதைப் பூட்டினாலும் சுகம் வராது.

சித்ரோயன் நமக்கு எட்டாது. நம்ம கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று, செலவு குறைந்ததில் இருந்து வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். குழியில் ரிம் அடிபடும் என்று பயந்து கூடக் காற்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள், டயர் கல்லாகிவிடும். குறைத்து அடித்தால் ரிம் நிஜமாகவே அடிபடும். காரின் அளவிலேயே டயரை மாற்றாமல் வைத்திருந்தால் எழுதியிருக்கும் அளவுதான் நல்ல அளவு.

இரண்டாவது, டயரின் பக்கச்சுவர். 155/80 ஆர்13 டயருக்குப் பக்கச்சுவர் 124 மில்லிமீற்றர். 185/60 ஆர்14 போட்டால் 111. மொத்த உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 195/45 ஆர்15 போட்டால் 88தான். ரிம் பெரிசாகத் தெரியும், ஆனால் குழிக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த காற்றில் ஒன்றரை அங்குலம் போய்விட்டது. பெரிய ரிம்மின் பாரமும் சேர்ந்தால் குழியில் விழும் அடி இன்னும் பலமாகும். அலோய் ரிம் ஆசை இருந்தால் 14இல் நிறுத்திக்கொள்ளலாம். கார் தாழ்வாகத் தெரியும், டயரும் தாங்கும்.

மூன்றாவது, தேய்ந்ததை மாற்றுங்கள். இருபது வருசம் ஓடிய காரில் புஷ், போல் ஜொயின்ட், ஷொக்கின் மேல் மவுன்ட் ரப்பர் எல்லாம் செத்திருக்கும். "லோ பண்ணதால சத்தம் வருது" என்று சொல்வதில் எவ்வளவோ இந்த ரப்பர் போன சத்தம்தான்.

நாலாவது, டிக்கியில் இருக்கும் சவுண்ட் பெட்டி. நாற்பது கிலோ பெட்டியை வைத்துக்கொண்டு பின்பக்கம் இடிக்கிறது என்று சொல்வதில் நியாயமில்லை. அசைய இருந்த கொஞ்ச இடத்தையும் அந்தப் பெட்டி முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கிறது. பாட்டு வேணும்தான், பெட்டி சிறிசாக இருக்கலாம்.

ஐந்தாவது, ஸ்பிரிங். வெட்டவேண்டாம். கேஸ் அடித்துக் காய்ச்சி இறக்கவே வேண்டாம். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும், எங்கே எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. வெட்டிய ஸ்பிரிங்கின் முனை தட்டில் ஒழுங்காக உட்காராமல், சக்கரம் தொங்கும்போது நழுவவும் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் சுகத்தைப் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டோம். உங்கள் கார் மொடலுக்கென்றே செய்த தாழ்த்தும் ஸ்பிரிங் கிடைக்கும். பஞ்சிகாவத்தையில் தேடினால் பழசும் அகப்படலாம். 1 அங்குலம் இறக்குவதோடு நிறுத்துங்கள். நம்ம ரோட்டுக்கு அதுவே அதிகம்.

ஆறாவது, அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் கட்டையான ஷொக். பழைய ஷொக்கையே விட்டால் அது எப்போதும் அடிப்பக்கத்திலேயே வேலை செய்து சீக்கிரம் செத்துப்போகும். பம்ப் ஸ்டொப்பைக் கழற்றி எறியவேண்டாம். படிப்படியாக அமுங்கும் நுரை வகைப் பம்ப் ஸ்டொப் இருக்கிறது; 'டக்' என்று நிற்கும் அடியை அது 'மெத்' என்று நிறுத்தும்.

வசதி உள்ளவர்கள் கொயில்ஓவர் போடுவார்கள். அதிலும் ஒரு விசயம். ஸ்பிரிங்கையும் உயரத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய வகையை எடுங்கள். உயரத்தைக் குறைத்தாலும் சக்கரம் அசையும் தூரம் ஓரளவு மிஞ்சும். விறைப்பைத் திருகும் குமிழ் இருந்தால் 'ஹார்ட்' பக்கம் கொண்டுபோகாதீர்கள். கல்லுப் பதித்த ரோட்டில் ஒரு மேட்டுக்குப் பின்னால் உடனே அடுத்த மேடு வரும். ஷொக் அளவுக்கு மீறி விறைத்திருந்தால், சக்கரம் திரும்ப இறங்குவதற்குள் அடுத்த அடி விழும். பத்து மேடு தாண்டுவதற்குள் கார் தானாகவே இன்னும் ஓர் அங்குலம் கீழே போயிருக்கும்.

கடைசியாக, எது செய்தாலும் பிறகு வீல் அலைன்மன்ட் பாருங்கள். இதைச் சொல்லாத பாஸிடம் வண்டியைக் கொடுக்கவேண்டாம்.

ரோட்டைத் தாழ்த்தியது யார்?

இவ்வளவும் சொன்ன பிறகு பெரியவர்களின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "ரோட்டே சரியில்லாத ஊர்ல" என்று ஆரம்பிக்கிறார்களே, அந்த ரோட்டு ஏன் சரியில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தோட்டத்து ரோட்டு கரத்தைக்கும் லொறிக்கும் போட்ட ரோட்டு. தேயிலை கீழே இறங்கப் போட்டது, ஆட்கள் ஏறிவரப் போட்டதில்லை. அதில் குறுக்கே ஓடும் கானும், கல்லு பேர்ந்த இறக்கமும் லொறிச் சக்கரத்துக்குப் பெரிசில்லை. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமை ஆகின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. ரோட்டு மட்டும் யாருக்கும் போகவில்லை. பிரதேச சபையிடம் கேட்டால் அது தோட்டத்து ரோட்டு. கம்பெனியிடம் கேட்டால் அது சனம் போகிற ரோட்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. வாக்குப் போட நம்மை எண்ணிக்கொண்ட சபைக்கு, நம்ம ரோட்டில் ஒரு கல்லு போட 31 வருசம் சட்டம் தடையாக இருந்திருக்கிறது.

சட்டம் திருந்தி வருசங்கள் ஆகிவிட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, முன்பு இருந்த ரோட்டுகளிலும் பல இல்லாமல் போயின. இப்போது திரும்பப் போடும்போது பழைய கரத்தை ரோட்டையே திரும்பப் போடவேண்டாம். சபை உறுப்பினரிடம் நாங்கள் கேட்பது நாலுவழிப் பாதை இல்லை. குறுக்குக் கானுக்கு மேல் கொங்கிரீட் மூடி, செங்குத்தான இறக்கத்தில் சக்கரம் போகும் இரண்டு கொங்கிரீட் பட்டை, மழைத்தண்ணீர் ரோட்டில் ஓடாமல் பக்கக் கானில் ஓட ஒரு வழி. தண்ணீர் ரோட்டில் ஓடும் வரை எந்தத் தாரும் அடுத்த மழைக்குத் தாங்காது. அதைக் கொழுந்து மலையில் கான் வெட்டின எந்தத் தொழிலாளியும் சொல்லுவார்.

அதற்காக, ரோட்டு வரும்வரை காரைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் நாங்கள் நினைக்கவில்லை. ரோட்டு சபையின் கையில், ஸ்பிரிங் நம்ம கையில். சபை நம்ம முதுகைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று கோபப்படும் நாம், நம்ம காரில் ஏறுகிறவரின் முதுகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? அவர்களிடம் கேட்கும் நியாயத்தை நாமும் காட்டினால்தான் அந்தக் கோபத்துக்கும் ஒரு கனம் இருக்கும்.

ஆகவே தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். காரை லோ பண்ணி முடித்ததும் படம் எடுத்துப் போடுங்கள், நாங்களும் லைக் போடுவோம். அதற்கு முன்னால் சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, முக்கால்வாசி தண்ணி ஊத்தின மூடியில்லாத ஒரு போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்காருங்கள். மேல் லயத்தில் இருந்து பெரிய ரோட்டு வரைக்கும், வழக்கமாகப் போகும் வேகத்தில் இறங்கி வாருங்கள். மடி நனைந்திருந்தால், அந்த சஸ்பென்சனில் இன்னும் வேலை இருக்கிறது.